முதலில் சுவரைப் பாருங்கள்

நகரசபையின் கட்டடத் திணைக்களத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்குக் கிடைத்த பொறுப்பைச் சொல்ல ஒரு வரி போதும்: நகரத்துக்குச் சொந்தமான கட்டடங்களை எண்ணெயிலிருந்தும் காஸிலிருந்தும் மின்சாரத்துக்கு மாற்ற வேண்டும். சுவிட்சர்லாந்தில், ஊஸ்டரில் இருக்கும் என் வீட்டிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய சின்ன நகரம் அது. பள்ளிக்கூடங்கள், நீச்சல் மண்டபம், தீயணைப்பு நிலையம், முதியோர் இல்லம் எல்லாமே பெரும்பாலும் எழுபதுகளில் கட்டப்பட்டவை. எந்தக் கட்டடம் எவ்வளவு சக்தியைத் தின்கிறது, எங்கே வெப்பம் வெளியே போகிறது, சுவருக்குள் ஓடும் மின்கம்பிகள் எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

அதனால் முதலில் எரிசக்தி ஆய்வுக்கு நிதி கேட்டேன். நிதிக் கோரிக்கைகளைப் பார்க்கும் கட்டடக் குழுவின் தலைவர் கூரை வேலை செய்யும் தொழிலை நடத்தி ஓய்வு பெற்றவர். என் திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எங்கள் அலுமாரிகளில் ஏற்கெனவே நிறைய அறிக்கைகள் இருக்கின்றன. வாசிப்பதற்குப் பணம் தரமாட்டோம். செய்வதற்குத் தருவோம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் காஸை எடுத்துவிட்டு மின் அடுப்பு வையுங்கள். நடந்தால் மற்றக் கட்டடங்களைப் பற்றிப் பேசலாம்."

ஆய்வில்லாமல் தொடங்குவது சரியல்ல என்று சொன்னேன். அது கூட்டக் குறிப்பில் பதிவானது, அவ்வளவுதான்.

முதியோர் இல்லத்தின் தலைமைச் சமையற்காரர் யாழ்ப்பாணத்தவர். அகதியாக வந்து, பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, சுவிஸ் சமையலில் முறையான பட்டயம் பெற்றவர். குரல் பெரியது. நான் தமிழில் வணக்கம் சொன்னதும் முகம் மலர்ந்தது. வந்த காரணத்தைச் சொன்னதும் சுருங்கியது.

"பிள்ளை, நீர் இஞ்சை பிறந்தனீரோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப உமக்கு நெருப்பைப் பற்றி என்ன தெரியும்? எரியிறதைக் கண்ணால பாக்காமல் நான் என்னெண்டு சமைக்கிறது?"

"ஒரு கிழமை மட்டும் பாருங்கோ அண்ணை. சரிவராட்டி நீங்களே சொல்லுங்கோ."

"சொல்லுவன். பயப்பிடாதேயும், எல்லாருக்கும் கேக்கச் சொல்லுவன்."

இரண்டு பெரிய இண்டக்ஷன் அடுப்புகளை வாடகைக்கு எடுத்தோம். மின்பொறியாளர் ஒருவர் வந்து, சமையலறையின் மின்பலகையைப் பார்த்துவிட்டு, இணைத்துக் கொடுத்தார். காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சூப் கொதித்தது. உருளைக்கிழங்கு வெந்தது. அண்ணை ஒன்றும் பேசாமல் வேலை செய்தார், அதையே நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அடுப்பும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் நீராவி ஓவனும் ஒன்றாக ஓடின. எங்கோ கீழே 'டக்' என்று ஒரு சத்தம். வெளிச்சம் போனது. காற்றாடி நின்றது. இல்லத்தின் பிரதான பியூஸ் போய்விட்டது. அதோடு லிஃப்ட்டும் நின்றது. உள்ளே ஒரு மூதாட்டி தன் நடைவண்டியோடு மாட்டிக்கொண்டார்.

நான் லிஃப்ட் கதவோடு நின்று அவரோடு பேசிக்கொண்டேயிருந்தேன். தொழில்நுட்பவியலாளர் வந்து கதவைத் திறந்தபோது மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்றைக்குச் சாப்பாடு என்ன?" என்று மட்டும் கேட்டார். வெறும் பாண் துண்டும் சீஸும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணை சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இனி உந்தக் கதையோட என்ர குசினிக்குள்ள வராதேயும், விளங்குதோ?"

"விளங்குது அண்ணை."

அடுத்த நாள் என் மேலதிகாரி, இந்த விடயத்தை ஒரு வருடம் ஆறப்போடலாம் என்றார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அந்த இலையுதிர்காலத்தில் நாடு முழுவதும் மின்சாரத் தட்டுப்பாடு வரும் என்ற பேச்சு வேறு. இருக்கும் மின்சாரமே போதுமா என்று பயந்துகொண்டிருந்தவர்களிடம் எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றுவோம் என்று போய் நிற்பது புத்தியில்லை என்றார்.

"இல்லை. இப்போதுதான் கேட்க வேண்டும்," என்றேன். "அந்த இல்லத்துக்குள் வரும் கேபிள் எவ்வளவு தாங்கும் என்று நேற்றுவரை ஒருவருக்கும் தெரியாது. மற்றக் கட்டடங்களைப் பற்றியும் தெரியாது. இதைத்தானே நான் முதல் நாளே கேட்டேன்?"

குழுவின் முன்னால் மறுபடியும் பேச அவர் எனக்கு நேரம் வாங்கித் தந்தார்.

பிறகு நான் செய்ததை என் வீட்டில் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. வரக்கூடாது என்று சொன்ன குசினி வாசலில் போய் நின்று, குழுவுக்கு என்னோடு வரும்படி அண்ணையைக் கேட்டேன்.

"நான் உமக்கு எதிராயெல்லோ கதைப்பன்."

"கதையுங்கோ. நடந்ததை அப்பிடியே சொல்லுங்கோ. எனக்கு அது போதும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நீர் விடமாட்டீர் போல."

"இல்லை அண்ணை."

கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு வந்தார். தன் கனமான ஜெர்மனில் அந்த மதியத்தை விவரித்தார்: நின்ற லிஃப்ட், ஆறிப்போன சூப், வெறும் பாணைப் பார்த்து அழுத ஒரு முதியவர். அந்த முதியவரைப் பற்றி எனக்கே அப்போதுதான் தெரியும். பிறகு சொன்னார்:

"எனக்கு மின் அடுப்பு பிடிக்காது. காஸ்தான் பிடிக்கும். ஆனால் இனி யாராவது என் சமையலறைக்குள் ஏதாவது கொண்டு வருவதானால், முதலில் சுவரைப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "கூரையைப் பார்க்காமல் நான் ஒருநாளும் விலை சொன்னதில்லை," என்று மெதுவாகச் சொன்னார். அது எனக்கான பதில் என்று அப்போது நான் புரிந்துகொள்ளவில்லை.

குழு ஆய்வுக்குச் சம்மதித்தது. கடைசி முடிவு எடுக்கும் நகர நாடாளுமன்றத்தில் விவாதம் நீண்டது. திணைக்கள ஊழியரான எனக்கு அங்கே பேச உரிமையில்லை, பார்வையாளர் இருக்கையில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மின்சாரமே இல்லாத குளிர்காலம் வரப்போகிறது என்று ஒருவர் கத்தினார். எவ்வளவு வீணாகிறது என்று தெரிந்தால்தானே மிச்சம் பிடிக்கலாம் என்று கூரைக்காரத் தலைவர் எழுந்து பதில் சொன்னார். கேட்ட நிதியில் பாதிதான் கிடைத்தது, பாதிக் கட்டடங்களுக்கு மட்டும். முதியோர் இல்லம் அதில் இருந்தது.

ஆய்வு செய்தவர்கள் வெப்பப்படக் கருவியோடு வந்து கூரையையும் ஜன்னல்களையும் கேபிளையும் பார்த்தார்கள். நான் பயந்ததைவிட மோசம். அந்த அறிக்கையைக் காட்டி வேலைக்கும் நிதி வாங்கினோம். புதிய மின்னிணைப்புக்காகத் தெருவைத் தோண்ட வேண்டியிருந்தது. ஜன்னல் மாற்றி, கூரைக்கு வெப்பக் காப்புப் போட்டு, கொதிகலனை எடுத்து வெப்பப் பம்பு வைத்து முடிய வருடங்கள் போயின. சமையலறையை அண்ணையோடு உட்கார்ந்து வரைந்தோம். ஒவ்வொரு அடுப்பின் இடத்துக்கும் சண்டை பிடித்தார், பாதிக்கு மேல் அவரே வென்றார்.

புது அடுப்பில் முதல் கோடை. நான் போனபோது வெளியே வெயில் கொளுத்தியது, குசினிக்குள் சாதாரணமாக நிற்க முடிந்தது. அண்ணையின் நெற்றியில் வியர்வை இல்லை.

"எப்பிடி அண்ணை?"

"பரவாயில்லை." ஒரு கரண்டி சூப்பை என்னிடம் நீட்டினார். "காஸ் மாதிரி வராது. ஆனா பரவாயில்லை."

மற்றப் பாதிக் கட்டடங்களுக்கான ஆய்வு நிதியை நான் மீண்டும் கேட்டேன். மறுத்தார்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலும் கேட்டேன், தீயணைப்பு நிலையத்துக்கு மட்டும் தந்தார்கள். நீச்சல் மண்டபம் இன்னும் எண்ணெயில்தான் சூடாகிறது. அதற்கான கோரிக்கை இந்த வருடமும் குழுவின் முன்னால் இருக்கிறது.