பத்துக் காரணங்களும் கடைசிப் பக்கமும்

காலை 7.10. சென்னையிலிருந்து மஸ்கட்டுக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன். கைப்பையில் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும் பதினாறு பக்க நோட்ஸும். இரண்டுமே செல்வத்துக்கு. புதுக்கோட்டையில் எங்கள் தெருக்காரன். மஸ்கட்டில் ரூவி என்ற பகுதியில் ஏசி மெக்கானிக். மூன்று வருடமாக லீவில் வரவில்லை. அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு படிக்கிறான், வெள்ளிக்கிழமை அங்கேயே பரீட்சை. நூலகத்தில் உட்கார்ந்து கைப்பட எழுதியவள் அவன் மனைவி மலர். “பத்திரம் மாமா” என்று இரண்டு தடவை சொன்னாள்.

9.30. பொழுது போகாமல் பிரித்தேன். ‘பிரான்சில் முடியாட்சிக்கு எதிரான மக்கள் புரட்சி: பத்துக் காரணங்கள்.’

பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன்: “ஓமன்ல யாருங்க ஆட்சி?”

“ராஜாதான். சுல்தான்.”

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பிளட் பிரஷர் அந்த நிமிடம் இருநூறு. ஏழாவது காரணம் வரை வந்திருந்தேன். ‘மன்னன்’ என்ற சொல்லையெல்லாம் மலர் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தாள். சுங்க அதிகாரி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவதும், என்னைப் புரட்சித் தலைவனாக்கிக் கூட்டிப்போவதும் கண்முன் ஓடின. நேராகக் கழிவறைக்குப் போனேன். நோட்ஸைக் கிழித்துக் கிழித்துப் போட்டு நாலு தவணையாகத் தண்ணீர் விட்டேன். “சார், உடம்பு சரியில்லையா?” என்று பணிப்பெண் கதவைத் தட்டினாள்.

மஸ்கட் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பையைத் திறந்து பாட்டிலைத் தூக்கினார். “அச்சார்?” என்றார். சிரித்தார். போகச் சொல்லிவிட்டார்.

ரூவி முப்பத்தைந்து கிலோமீட்டர். டாக்சிக்கு ஆறு ரியால். மொட்டை மலைகளைப் பார்க்க வேண்டிய நான் வழி நெடுக ஒரு பொய்யைத் தேடினேன். கிடைக்கவில்லை. செல்வத்தின் ரூமில் உண்மையைச் சொன்னேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அண்ணே, இங்க இந்தியன் ஸ்கூல்ல சின்னப் பிள்ளைகளுக்கே இந்தப் பாடம் நடத்துறாங்கண்ணே!”

பரிகாரமாக, ஞாபகமிருந்ததைச் சொன்னேன். ரொட்டி விலை ஏறியது. வரி முழுக்க இல்லாதவன் தலையில். பிரபுக்களும் பாதிரிகளும் கட்டாமல் தப்பினார்கள். போர்க் கடனில் கஜானா காலி. குறையைக் கேட்கச் சபை கூட்டி, பிறகு கதவைச் சாத்தினார்கள். ‘ராஜா’ வரும்போதெல்லாம் என் குரல் தானாக இறங்கியது.

“சத்தமாச் சொல்லுங்கண்ணே, எழுத வேணாமா? அந்தப் புரட்சியப்ப நீங்க இருந்திருந்தா எங்கண்ணே இருந்திருப்பீங்க?”

“கக்கூஸ்லதான்டா.”

மறுபடி சிரித்தான். பிறகு பேனாவை மூடினான். “மத்ததை நான் பாத்துக்குறேன். கடைசிப் பக்கத்துல மலர் எனக்கு ஏதாச்சும் எழுதியிருந்தாளாண்ணே? எப்பவும் எழுதுவா. போன்ல பேச அவளுக்குக் கூச்சம்.”

நான் பார்த்திருக்கவில்லை. ஊறுகாய் பாட்டிலைத் துடைக்க ஆரம்பித்தேன்.

பத்தாம் நாள் புறப்பட்டபோது மலருக்கு ஒரு கடிதம் கொடுத்தான். உறை ஒட்டவில்லை. “நீங்களே படிச்சுப் பாத்துக்கங்கண்ணே. இதுல ராஜா யாரும் இல்ல.” கிண்டல்தான். ஆனால் அவன் கண் சிரிக்கவில்லை. இந்தத் தடவை கைப்பையில் வைக்கவில்லை. சட்டைப் பையில் வைத்து, சுங்கம் தாண்டும்வரை மேலே கையை வைத்துக்கொண்டே வந்தேன்.

புதுக்கோட்டையில் மலர் வாசலிலேயே நின்றிருந்தாள். கடிதத்தைக் கையில் வாங்கியவள் அதைப் பிரிக்கவில்லை.

“கடைசிப் பக்கத்தப் படிச்சுட்டு என்ன மாமா சொன்னாக?”

“கக்கூஸ் எங்கேம்மா?” என்றேன்.