வேன் கூரையில் நாற்பது விளக்கு

ஓரின் ட்வைட்டின் வேனுக்குள் நாற்பது விளக்குகள் இருந்தன. அதில் ஒன்றுகூட அவன் மனைவி ஆர்டிஸ் கேட்ட இடத்தில் இல்லை.

அவள் கேட்டது ஒரே ஒரு விளக்கு. படுக்கையில் தன் பக்கத்துத் தலைமாட்டுக்கு மேலே, கை எட்டுகிற தூரத்தில் ஒரு சுவிட்சோடு. படுத்தபடியே நாலு பக்கம் படித்துவிட்டு, எழுந்திருக்காமல் அணைத்துவிட்டுத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால், வேன் வெறும் தகரக் கூடாக வாசலில் வந்து நின்ற அன்றே கேட்டுவிட்டாள். "கண்டிப்பா" என்றான் ஓரின். எல்க் ஏரி என்கிற எங்கள் ஊரில் ஓர் ஆண்பிள்ளை "கண்டிப்பா" என்றால், நீ சொன்னது காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

ஓரின் லேசுப்பட்ட ஆள் இல்லை. மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். வடக்கு மினசோட்டாவின் ஜனவரிக் குளிரில் பேட்டரி செத்து நடுவழியில் நின்ற வண்டிகளுக்கெல்லாம் தன் லாரியிலிருந்து கேபிள் போட்டுக் கரண்ட் கொடுத்துக் கிளப்பிவிட்டவன். ஊரில் பாதிப்பேர் அவன் கேபிளுக்குக் கடமைப்பட்டவர்கள். அவன் வண்டிக்கு இன்னொருவன் கேபிள் போட்டான் என்ற பேச்சே இந்த ஊரில் எழுந்ததில்லை. இதை அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதும் இல்லை, அப்படிப் பெருமை பேசுகிறவனை எங்கள் ஊரில் யாரும் காபிக்குக் கூப்பிடமாட்டார்கள். ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும், கல்யாணமோ சாவோ, பத்தாவது நிமிஷம் அதைப் பேட்டரியில் கொண்டுவந்து நிறுத்திவிடுவான்.

ஓய்வு பெற்றதும் எல்லாரையும் போல அவனுக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்தது. பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கி, பின்பக்கத்தில் கட்டிலும் அடுப்பும் வைத்து, குளிர்காலம் வந்தால் அரிசோனாவுக்கு ஓடிவிடுவது. அங்கே ஆர்டிஸின் அக்கா யூனிஸ் இருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்து, "எப்போடி வர்ற? நான் கண்ணை மூடினதுக்கு அப்புறமா?" என்று கேட்பாள். ஆர்டிஸ் ஒவ்வொரு டிசம்பரிலும் பெட்டி கட்டினாள், ஒவ்வொரு மார்ச்சிலும் பெட்டியைப் பிரித்தாள். வேன் வாசலைவிட்டு நகரவில்லை. ஓரின் லைட் போட்டுக்கொண்டிருந்தான்.

முதல் வருஷம் நியாயமாகத்தான் ஆரம்பித்தான். பத்து விளக்கு, கூரைச் சட்டத்தில் ஓட்டை போட்டு, வயர் தகரத்தில் உரசாமல் ரப்பர் வளையம் வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் இடுக்கியால் நசுக்கி இறுக்கி, வேனின் உடம்புத் தகரத்தைச் சுரண்டி அதில் எர்த் வயரை முடுக்கி, மேலே பைன் பலகை அடித்து மூடினான். சுவிட்சைத் தட்டினால் ஒன்பது எரிந்தது. பலகை அடித்த ஸ்க்ரூ ஒன்று எங்கேயோ வயருக்குள் இறங்கியிருந்தது. மூடுவதற்கு முன்னால் எரியவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். ஓரின் பலகை பலகையாகக் கழற்றி அந்த ஸ்க்ரூவைக் கண்டுபிடிப்பதற்குள் ஏரியில் பனிக்கட்டி உருகி, மீன் துள்ள ஆரம்பித்துவிட்டது.

இரண்டாம் வருஷம் எதிர்வீட்டு டெல்மரும் ஒரு வேன் வாங்கினான். டெல்மர் தபால் வண்டி ஓட்டினவன். கூரையில் பன்னிரண்டு விளக்கு போட்டு ஓரினைக் கூப்பிட்டுக் காட்டினான்.

ஓரின் அண்ணாந்து பார்த்தான். கைகளை மேல்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். "வித்தியாசமாத்தான் இருக்குப்பா" என்றான்.

வெளியூர்க்காரர்கள் இதைப் பாராட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். டெல்மருக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுவாரம் அவன் பதினெட்டு போட்டான். ஓரின் பழைய பலகையை மறுபடி கழற்றி இருபத்து நாலு போட்டான். டெல்மர் அதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வெளிச்சம்ப்பா, நல்லது, வயசானா கண்ணுக்கு வேணும்" என்றான். அன்றைக்கே ஓரின் இன்னொரு பெட்டி விளக்குக்குச் சொல்லிவிட்டான். நாற்பதில் டெல்மர் தோற்றான், அல்லது அவன் மனைவி மார்லிஸ் அவன் கையிலிருந்த ட்ரில்லைப் பிடுங்கிக்கொண்டாள், எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஓரினுக்குப் பதினாறு நிறம் மாறும் ரிமோட் வேறு. பின்கதவைத் திறந்தால் நாற்பதும் தானாக எரியும்படி கதவில் ஒரு சுவிட்ச். கல்யாண மண்டபம் தோற்றது.

ஆர்டிஸின் தலைமாட்டுக்கு மேலே மட்டும் கூரைச் சட்டம் குறுக்கே வந்ததால் ஒன்றும் போடவில்லை.

"அங்கே ஓட்டை போட்டா சட்டம் பலவீனமாயிடும்" என்றான்.

"சரி" என்றாள் ஆர்டிஸ். ஏரிப் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறபோது நெற்றியில் கட்டிக்கொள்கிற விளக்கை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். மனசுக்குள் என்ன நினைத்தாளோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். விளக்குகளுக்கென்று தனியாக ஒரு பேட்டரி வைப்பதுதான் முறை. டெல்மரே வைத்திருக்கிறான். ஓரின் "இப்போதைக்கு" என்று சொல்லி வயரை இன்ஜின் பேட்டரியிலேயே மாட்டினான். அந்தப் பேட்டரியும் வேனோடு கூட வந்த கிழடு. அதையும் மாற்றவில்லை, "இப்போதைக்கு ஓடுதே". ஊரெல்லாம் பேட்டரிக்கு வைத்தியம் பார்த்தவனுக்குத் தன் வீட்டுப் பேட்டரியைப் பார்க்க நேரம் இல்லை!

இந்த வருஷம் ஜனவரியில் ஆர்டிஸ் முதல் தடவையாகத் தேதி குறித்தாள். இரவுச் சாப்பாட்டில், உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷைத் தட்டில் வைத்தபடியே சொன்னாள்.

"டெல்மரும் மார்லிஸும் வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு அரிசோனா கிளம்பறாங்க. அவங்க வேன்ல ஒரு சீட்டு சும்மாத்தான் இருக்கு. மார்லிஸ் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டா."

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டு தடவையும் வேண்டாம்னு சொன்னேன்."

ஓரினின் கையில் கரண்டி நின்றுவிட்டது. எங்கள் ஊரில் எதையும் முதல் தடவை கேட்டதும் வாங்கிக்கொள்கிறவன் நாகரிகம் தெரியாதவன். கேக் நீட்டினால் வேண்டாம் என்பார்கள். மறுபடி நீட்டினால், ஐயோ வயிறு நிறைஞ்சிருக்கு என்பார்கள். மூன்றாம் தடவை நீட்டினால், "சரி, இவ்வளவு சொல்றதால" என்று பெரிய துண்டாகப் பார்த்து எடுப்பார்கள். இரண்டு தடவை மறுத்தாகிவிட்டது என்றால் கதவு பாதி திறந்துவிட்டது என்று பொருள்.

"அன்னிக்கே நாமளும் கிளம்பறோம்" என்றான் ஓரின்.

"கிளம்பினா உன்கூட வர்றேன். இல்லேன்னா யூனிஸை நான் தனியாப் போய்ப் பார்த்துக்கறேன்." தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு, ஆறுது."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேனும் சர்ச் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மூச்சு விட்டால் மீசையில் உறைகிற குளிர். ஆராதனை முடிந்து காபியும் முடிந்ததும் ஊரே வழியனுப்ப வந்தது. ஓரினுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பின்கதவு இரண்டையும் விரியத் திறந்தான். நாற்பது விளக்கும் பளீரென்று எரிந்தன.

"அடேங்கப்பா" என்றார் ஒருவர். "வித்தியாசமா இருக்கே" என்றார் இன்னொருவர். ஓரின் ரிமோட்டை எடுத்து நீலம், ஊதா, ஆரஞ்சு என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். வயர் எந்த வழியாகப் போகிறது, எந்த ஸ்க்ரூ எந்த வருஷம் உயிரை வாங்கியது, ரப்பர் வளையம் எங்கே கிடைக்கும், எல்லாம் சொன்னான்.

"கதவை மூடேன், ஓரின்" என்றாள் ஆர்டிஸ், முன் சீட்டிலிருந்து. "பேட்டரி என்னத்துக்கு ஆகும்?"

"எல்இடிதானே! எறும்பு தண்ணி குடிக்கிற மாதிரி."

நாற்பது எறும்பு என்பதை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வழியனுப்புவது என்றால் எங்கள் ஊரில் சாதாரணமா? "சரி, கிளம்பறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் உண்மையான பேச்சையே ஆரம்பிப்பார்கள். வாசலில் ஒன்று, படியில் ஒன்று, வண்டிப் பக்கத்தில் ஒன்று, கண்ணாடியை இறக்கிவிட்டு ஒன்று. யாருக்கு முழங்கால் ஆபரேஷன், ஏரியில் பனிக்கட்டி எத்தனை அங்குலம், போகிற வழியில் எந்த ஊரில் காபி நன்றாக இருக்கும். மதியச் சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது. யாருக்கும் கால் வலிக்கவில்லை. பின்கதவையும் யாரும் மூடவில்லை.

கடைசியில் ஓரின் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

டிக். டிக். டிக்.

அந்தச் சத்தம் எல்க் ஏரியில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். பிறகு மரியாதைக்காக எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். "சாயங்காலம் பனி விழும் போலிருக்கு" என்று யாரோ சொன்னார்கள். பின்னால் நாற்பது விளக்கும் மெல்ல மங்கி அணைந்தன. ஓரினுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. ஆர்டிஸ் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதுதான் அவனைக் கொன்றது.

டெல்மர் வந்தான். முகத்தில் அனுதாபம் வழிந்தது, பாவி, எத்தனை நாள் காத்திருந்தானோ.

"என்னப்பா, கேபிள் போடட்டுமா?"

"வேண்டாம்ப்பா. ஒண்ணுமில்ல, இப்போ சரியாயிடும்."

"நிஜமாவா? கையிலேயே இருக்கு."

"சேச்சே, நீ கிளம்பற நேரத்துல எதுக்குச் சிரமம்?"

இரண்டாகிவிட்டது. ஓரின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தான். மூன்றாவது வந்தது, ஆனால் அவனுக்கு இல்லை. பக்கத்து வேனின் கண்ணாடி இறங்கி மார்லிஸின் தலை தெரிந்தது.

"ஆர்டிஸ், எங்களோட வந்துடேன்!"

ஆர்டிஸ் மடியில் இருந்த கையுறையை எடுத்துக்கொண்டாள். "சரி," என்றாள், "இவ்வளவு சொல்றதால."

இறங்கி, திறந்தே கிடந்த பின்கதவு வழியாகத் தன் பெட்டியை எடுத்தாள். டெல்மர் பெட்டியைத் தூக்க ஓடினான். கேபிளும் அவன் தோளிலேயே போய்விட்டது.

மூன்று வருஷத்தில் அவள் கேட்டது ஒரே ஒரு விளக்கு, அதையும் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். வேண்டுமா, எங்கே வேண்டும் என்று அவன் மறுபடி ஒரு வார்த்தை கேட்டதே இல்லை. ஊருக்கெல்லாம் மூன்று தடவை கேக் நீட்டுகிறவன்தான்.

அப்போது பாஸ்டர் சோல்வெய்க் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "ஓரின், என் கார்லேர்ந்து கேபிள் போடலாமா உங்களுக்கு?"

"ஆமா," என்றான் ஓரின். "வேணும். சீக்கிரம்."

கூட்டம் வாயைப் பிளந்தது. முதல் தடவை கேட்டதற்கே "ஆமா" என்றானே மனுஷன்! பாஸ்டர் அம்மாவே ஒரு கணம் தடுமாறி, அவசர அவசரமாகத் தன் குட்டிக் காரைக் கொண்டுவந்து மூக்கோடு மூக்காக நிறுத்தினார். ஊருக்கே கேபிள் போட்டவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்க, அவன் பேட்டரிக்கு அவர் கேபிள் மாட்டினார். வேன் இருமி, உறுமி, கிளம்பியது. நாற்பது விளக்கும் திரும்ப எரிந்து, ஊதா நிறத்தில் சிரித்தன.

டெல்மரின் வேன் இன்னும் அங்கேதான் நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசும் கட்டத்தில் இருந்தார்கள், மார்லிஸ் யாரிடமோ ஒரு டப்பா பிஸ்கட்டை இரண்டாவது தடவையாக மறுத்துக்கொண்டிருந்தாள். ஓரின் போய் ஆர்டிஸ் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினான், அவள் இறக்கினாள்.

"வண்டி கிளம்பிடுச்சு. வா, போலாம்."

"வேண்டாம் ஓரின். இங்கே வசதியாத்தான் இருக்கு."

"ஆர்டிஸ், வந்துடு."

"இவங்களுக்கு எதுக்கு மறுபடி பெட்டி இறக்கற வேலை?"

ஊர் முழுக்க வானத்தைப் பார்த்தது. ஓரின் திரும்பி நடந்தான். சரி, கதை முடிந்தது, டெல்மர் ஜெயித்தான் என்று நாங்கள் நினைத்தோம். அவன் ஓடுகிற வேனுக்குள் குனிந்து, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, எதையோ பிடுங்கினான். பின்பக்கம் மொத்தமாக இருட்டானது. திரும்பி வந்து கண்ணாடி வழியாக ஆர்டிஸின் உள்ளங்கையில் அதை வைத்தான். நகம் அளவுக்கு ஒரு ஃபியூஸ்.

"எல்லாத்தையும் கழட்டிடறேன்," என்றான். "உன் தலைமாட்டுக்கு மேல ஒண்ணு போடறேன். சட்டம் பலவீனமானா ஆகட்டும், எழவு. வா, ஆர்டிஸ்."

"சுவிட்ச்?"

"உன் கை எட்டற இடத்துல."

ஆர்டிஸ் ஃபியூஸைக் கையுறைக்குள் போட்டுக்கொண்டாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

"சரி," என்றாள், "இவ்வளவு சொல்றதால."

டெல்மர் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தான். ஓரின் பின்கதவைச் சாத்தி, ஏறி உட்கார்ந்து, வழக்கம்போலக் கண்ணாடியை இறக்கினான். முழங்கால் ஆபரேஷன்காரர் பக்கத்தில் வந்து வாயைத் திறந்தார்.

"வண்டியை எடு, ஓரின்" என்றாள் ஆர்டிஸ்.

எடுத்தான்.