நான் செய்த வெள்ளிக் குடம்

போன வாரம் ஒரு திருட்டு விவகாரத்தில் சாட்சி சொல்ல வாலாஜாபாத் வரைக்கும் போய்வந்தேன். காணாமல் போன பொருள் — ஒரு வெள்ளிக் குடம். அதைச் செய்தவன் அடியேன்தான்.

இந்த ஆளுக்குப் பத்தர் வேலை எப்போது தெரிந்தது என்று கேட்பீர்கள். எனக்குச் சுவரில் ஒழுங்காக ஆணி அடிக்கவே தெரியாது. குடத்தைச் செய்தது கம்ப்யூட்டரில்.

என் தங்கை மகள் ஹேமாவுக்கு ஆவணியில் கல்யாணம். "ஆல்பம் டிசைனை நானே பண்ணித் தர்றேன்" என்று வாயை விட்டேன். படங்களைத் திருத்துகிற சாஃப்ட்வேர் ஒன்றை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். புதிதாக சைக்கிள் பழகியவன், கடைக்குப் போக யாராவது கூப்பிட மாட்டார்களா என்று அலைவான் இல்லையா... அந்த நிலைமை.

சீர்த் தட்டுப் படத்தில் ஒரு கோளாறு. நடுவில் இருந்த எவர்சில்வர் குடத்தின் மேல் ஃப்ளாஷ் வெளிச்சம் அடித்து, குடம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டு. விடுவேனா? புதிதாக ஒரு குடத்தை வரையத் தொடங்கினேன்.

சாம்பல் நிறம் பூசினால் உலோகம் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வந்தது சிமெண்ட் தொட்டி. பளபளப்புக்காக மேலே கொஞ்சம் வெள்ளையைத் தீற்றினேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "கத்திரிக்காய்க்கு எதுக்குங்க கழுத்து?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் இன்டர்நெட்டில் ஒரு புண்ணியவான் எழுதியிருந்ததைப் படித்தேன். பளபளக்கிற உலோகத்துக்குச் சொந்த நிறம் என்று பெரிதாக எதுவும் கிடையாதாம். சுற்றி இருப்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். பளீரென்ற வெள்ளைக்குப் பக்கத்திலேயே கன்னங்கரேலென்று கறுப்பு வர வேண்டும். அவ்வளவுதானே? எங்கள் வீட்டுக் குடத்தை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், வெயிலில் வைத்து டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் எடுத்தேன். அதன் பளபளப்பை அப்படியே வெட்டிக் கல்யாணக் குடத்தின் மேல் ஒட்டினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் வெண்மையைக் கூட்டி, கழுத்து இடுக்கில் மட்டும் லேசாகக் கறுப்பேற்றினால்... ஆகா, வெள்ளி. அசல் ஜரிகைதானா என்று உரசிப் பார்த்துச் சேலை வாங்குகிற ஊர்க்காரன் செய்கிற காரியமா இது? ஆனால் அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆல்பம் வாலாஜாபாத்துக்குப் போனது. ஹேமாவின் மாமியார் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார். சீர்ப் படத்தில் விரல் நின்றுவிட்டது.

"இந்த வெள்ளிக் குடம் நம்ம வூட்டுக்கு வரவே இல்லியே?"

மண்டபத்திலிருந்து சீர்ச் சாமான்களை வேனில் கொண்டு வந்தவர், மாமியாரின் சொந்தத் தங்கை சரோஜா. அக்கா நேரடியாக எதுவும் கேட்கவில்லை. "வேன்ல நீதானே கூட வந்துக்கினு இருந்தே?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். போதாதா? அன்றைக்கு எழுந்து போன சரோஜா, அப்புறம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சரியாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டே இருக்கிறார் என்று ஹேமா போனில் சொன்னாள். ஒரு கௌரவமான பெண்மணியை என் விளையாட்டுப் புத்தி திருடியாக்கிவிட்டது.

ஒரிஜினல் படத்தையும் ஆல்பப் படத்தையும் சிடியில் போட்டுக்கொண்டு மனைவியோடு பஸ் ஏறினேன். ஹேமா கெஞ்சிக் கூத்தாடி சரோஜாவையும் வரவழைத்திருந்தாள். அவர் உள்ளே வந்து உட்காராமல் கதவோரமாகவே நின்றார். மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து காட்டினேன்.

"சம்பந்தியம்மா, குடம் எவர்சில்வர்தாம்மா. உங்க சமையல்கட்டுல இருக்குதே, அதேதான். ஆல்பத்துல வெள்ளியாக்கினது நான்."

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் தங்கச்சி மேல பழி வரக் கூடாதுன்னு சொல்றீங்கண்ணே. உங்களுக்கு நல்ல மனசு. அதுக்காக, குடம் இருந்த எடத்தையே வெள்ளையா அழிச்சிக்கினு வந்து காட்டறீங்களே."

கதவோரம் விசும்பல் கேட்டது. வெட்டி ஒட்டிய தடமாவது தெரியாதா என்று ஆல்பப் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். குடம் பெருத்துக்கொண்டே போனது. அதன் வயிற்றில் வானம், ஒரு கொடிக்கயிறு, கயிற்றில் வளைந்து நெளிந்து வெள்ளையாக ஏதோ...

என் மனைவி முன்னால் வந்து திரையில் விரலை வைத்தாள்.

"இது இவரோட பனியன்க்கா. தோள்ல ஓட்டை இருக்குது பாருங்க. எங்க மாடியில நான்தான் காயப் போட்டேன்."

கல்யாண மண்டபத்துக்குள், சீர்வரிசைக்கு நடுவில், ஓட்டைப் பனியன் எப்படி வரும்? சம்பந்தியம்மாள் எழுந்து போய்த் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனச்சிட்டேம்மா சரோஜா" என்றார். இரண்டு பேரும் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது — பாதி நிம்மதியில், பாதி வெட்கத்தில்.

சுற்றி இருப்பதெல்லாம் உலோகத்தில் தெரியும் என்று படித்தேனே தவிர, என்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேனா? நம் கெட்டிக்காரத்தனத்தின் ஓட்டை ஊருக்கெல்லாம் தெரிகிறது. நமக்கு மட்டும் யாராவது பெரிதாக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது.

கிளம்பும்போது சரோஜா ஆல்பத்தை எடுத்து வந்தார். தான் நிற்கிற படத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். கழுத்தில் மெல்லிய சங்கிலி மட்டும்தான்.

"எனக்கு இதுல ஒரு காசுமாலை போட்டுக் குடுங்கண்ணே. காசுல பனியன் மட்டும் தெரிய வாணாம்."