பொட்டு வைத்த ரிவால்வர்

என் கொழுந்தனைப் பழிவாங்க ஒரு போகம் முழுக்கக் காத்திருந்தேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

என் கணவர் இறந்தபோது எனக்கு மிஞ்சியது திண்டிவனத்துக்குப் பக்கத்தில், பெருமுக்கல் மலை தெரிகிற இடத்தில், கிணற்றோடு ஒரு கொல்லை. கொழுந்தனுக்கு அதன் மேல் கண். பிள்ளையில்லாதவளுக்கு நிலம் எதற்கு என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுவான். பன்றி விரட்ட என் கணவர் ஒரு நீளத் துப்பாக்கி வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்க என்னால் முடியாது. ஆபீஸ் ஆபீஸாக அலைந்து என் பெயருக்கு லைசென்ஸ் வாங்கி, நீளத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, விழுப்புரத்தில் ஒரு கடையில் புத்தம்புது ரிவால்வர் வாங்கினேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் ரிவால்வர் வைத்திருந்த பெண் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்க வீட்டில் வேறு ஆளில்லை. மண்வெட்டி, கடப்பாரை, மோட்டார் எல்லாவற்றுக்கும் நானே வைத்தேன். ரிவால்வருக்கும் வைத்தேன். இரும்பென்றால் எங்கள் வீட்டில் பொட்டு உண்டு. கொழுந்தன் பெண்டாட்டி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

கார்த்திகையில் நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, முற்றியதும் கொழுந்தன் ஆட்களோடு டிராக்டரில் வந்து இறங்கினான். ரிவால்வரை வானத்தைப் பார்த்து நீட்டி விசையை இழுத்தேன். டிக் என்றது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் டிக்.

“ஒனக்கே இல்லாத பொட்ட, துப்பாக்கிக்கு வெச்சா, அது எப்டி அண்ணி சுடும்?” என்றான்.

ஆட்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். என் கண்ணெதிரிலேயே மொத்தத்தையும் பிடுங்கி ஏற்றிக்கொண்டு போனான். மல்லாட்டை போனதைவிட அந்தப் பேச்சுதான் எனக்கு வயிற்றெரிச்சல். போலீஸ் ஸ்டேஷனில், இது பங்காளிச் சண்டை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். விழுப்புரத்துக் கடைக்காரரோ, “சந்தனம் உள்ள எறங்கியிருக்கும்மா. அதுக்குக் கம்பெனி பொறுப்பில்லீங்க,” என்று துடைத்துக் கொடுத்தார். நானும் நம்பித் தொலைத்தேன். ஊரில் பிள்ளைகள்கூட என்னைக் கண்டால் ‘டிக்’ என்று சொல்லிவிட்டு ஓடின.

போகிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது என் கணவர் சுட்டுப்போட்ட பழைய தோட்டாக்கள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் அடிப்பக்கத்தில் நடுவாக ஆழமான குழி. வெடிக்காத என் தோட்டாக்களை எடுத்துப் பார்த்தேன். கொசு கடித்த அளவுக்குத்தான் தடம் இருந்தது. ரிவால்வரைக் காலிசெய்து, தோட்டாவைத் தட்டுகிற குதிரையைப் பின்னால் இழுத்து, அதன் நுனியில் இருந்த ஊசியை வெளிச்சத்தில் பார்த்தேன். சந்தனத்தின் சுவடே இல்லை. ஊசியே குட்டை. செய்த இடத்திலேயே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

பொங்கல் கழிந்ததும் விழுப்புரம் போனேன். அதே ரகத்தில் இன்னொன்றைக் காட்டச் சொல்லி, இரண்டின் ஊசியையும் கடைக்காரரின் மூக்குக்கு நேரே பிடித்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“அந்த லாட்டுல ரெண்டு மூணு இப்டி வந்துச்சிங்க. ஃபேக்டரி தப்புங்க,” என்றார்.

“தெரிஞ்சிக்கினே எம் பொட்டு மேல பழியப் போட்டீங்களா?”

அப்போது வந்த ஆத்திரத்துக்குக் கடையையே கொளுத்தியிருப்பேன். வேறு ரிவால்வர் தருகிறேன் என்றார். வேண்டாம், ஊரே பார்த்துச் சிரித்த இதையே சரிசெய்யுங்கள் என்றேன். ஊசியை மாற்றி, கடைக்குப் பின்னால் மணல் மூட்டையில் சுட்டுக் காட்டினார்.

“இது சரியாயிடுச்சின்ற சேதி ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா, நீங்க பண்ண வேலைய ஊரெல்லாம் சொல்லுவேன்,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த சில மாதங்கள் என் வாழ்க்கையிலேயே இனிப்பானவை. பிள்ளைகள் டிக் என்றால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். கொழுந்தன் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டேன். தண்ணீர் பாய்ச்சி, களை எடுத்து, அவனுக்கென்றே வளர்ப்பதுபோல் மல்லாட்டையை வளர்த்தேன்.

சித்திரையில் வந்தான், வெள்ளை வேட்டியும் டிராக்டருமாக. நான் ரிவால்வரை எடுத்தேன். அன்று காலையில் வேண்டுமென்றே அதற்குப் பெரிய பொட்டாக வைத்திருந்தேன்.

“சுடு அண்ணி, டைமாவுது,” என்றான்.

கிணற்றுமேட்டைப் பார்த்துச் சுட்டேன். மண் தெறித்தது. ஆட்கள் டிராக்டரை விட்டுவிட்டு ஓடினார்கள். அவன் ஓடவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். வேட்டி நனைந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

“வாணாம் அண்ணி, நான் போயிடறேன்.”

“எங்க போற? மல்லாட்ட புடுங்கத்தான வந்த? புடுங்கு.”

பிடுங்கினான். ஓடிய ஆட்கள் வேலிக்கு அப்பால் நின்று பார்க்க, வெயில் தாழும்வரை தனியாளாகப் பிடுங்கினான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கசிந்தது. எனக்குப் போதும் என்று தோன்றவில்லை. கால்வாசிக் கொல்லைதான் முடிந்திருந்தது. மீதிக்கு மறுநாள் காலையில் வரச் சொன்னேன்.

வந்தான்.