குளத்தடியில் இறங்கியவர்

சத்தியம் பண்ணச் சொன்னவர்களிடம் அவள் சத்தியம் பண்ணியதில்லை. "நம்பினா நம்புங்க, இல்லாட்டி போங்க. அவர் உட்கார்ந்தது என் வண்டியில" என்று மட்டும் சொல்வாள். நடந்த சம்பவம் இது. அவள் சொன்னதற்கு மேல் ஒரு பொட்டுகூட இங்கே சேர்க்கப்படவில்லை.

தலைநகரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு பழைய கோயில் இருக்கிறது. அதை ஒட்டியே காடு. கூட்டத்தோடு போகப் பிடிக்காத பயணிகளைத் தனி ஜீப்பில் அழைத்துப்போய் இரண்டையும் காட்டிவிட்டு வருவதுதான் அண்ணன் தங்கை இருவருக்கும் தொழில். கோயில் தங்கையின் பங்கு, காடு அண்ணனின் பங்கு. கல்லையும் பேச வைத்துவிடுகிறாள் என்று அவளுக்கு 'வாயாடி' என்று பேர் வைத்ததே அண்ணன்தான். அவனோ காட்டுக்குள் போய்விட்டால் வாயே திறக்க மாட்டான். விரலை மட்டும் நீட்டுவான். அங்கே ஒரு மான் நிற்கும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவன். அவன் சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்காமல் கிணற்றில்கூடக் குதிப்பாள்.

அன்று காலை அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"முதுகு பிடிச்சுக்கிச்சு. இன்னைக்கு நீயே ஓட்டிட்டுப் போயிடு."

"காட்டுக்குமா?"

"ஒரே ஒருத்தர்தான். வழிதான் உனக்குத் தெரியுமே."

"இன்னொரு நாள் வரச் சொல்லிடலாமே, அண்ணா."

"வேண்டாம்!" என்று கத்தினான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பாவம், ரொம்ப நாளாக் கேட்டுட்டே இருக்கார்" என்றான்.

அவள் தைலம் தேய்த்துவிட்டாள். கழுத்தில் தொட்டாலும் 'ஆ' என்றான், இடுப்பில் தொட்டாலும் 'ஆ' என்றான். தொடாமல் கையை எடுத்தபோதும் ஒரு 'ஆ' வந்தது. சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டாள்.

விருந்தினர் ஹோட்டல் வாசலில் இல்லை. எதிர்ப்பக்கத்து நடைபாதையில், விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தடித்த கண்ணாடி, கழுத்தில் பைனாகுலர். வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். அந்த ஜீப்பில் முன் சீட்டுக்காரர் பெல்ட் போடாவிட்டால் கீக் கீக் என்று உயிரை எடுத்துவிடும். கண்ணாடிக்காரர் பெல்ட் போடவில்லை. வண்டி சத்தம் போடவும் இல்லை. கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மனுஷனுக்கே முதுகு பிடிக்கும்போது வண்டிக்கு வராதா என்ன?

கோயிலுக்குள் நுழைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தைக் கடக்கிறவர்கள் எல்லாரும் கொதிக்கிற கல்லில் தத்தித் தத்தி நிழலுக்கு ஓடினார்கள். அவளும் ஓடினாள். திரும்பிப் பார்த்தால், கண்ணாடிக்காரர் வெறுங்காலோடு நட்டநடு முற்றத்தில் நின்றிருந்தார். அசையவே இல்லை.

"சுடலையா சார்?"

"இப்பல்லாம் தெரியறதில்லைங்க."

மூக்கு உடைந்த நடனப் பெண் சிலையிடம் வந்ததும் அவள் வழக்கமான நகைச்சுவையை எடுத்துவிட்டாள். "மூக்கு உடைஞ்சும் தாளம் தப்பாம ஆடிட்டு இருக்கா பாருங்க." இதற்குச் சிரிக்காதவர்களை அவள் பார்த்ததில்லை. இவர் சிரிக்கவில்லை.

"உங்க அண்ணனும் இதைச் சொன்னார். தங்கச்சி சொல்றதுன்னு சொன்னார்."

"அண்ணனைத் தெரியுமா உங்களுக்கு?"

"ஒரு தடவை அவரோட வந்திருக்கேன்." பிறகு கேட்டார், "காட்டுக்கு எப்பப் போறோம்?"

அண்ணன் இதைச் சொல்லவே இல்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது. மறந்திருப்பான் என்று தேற்றிக்கொண்டாள்.

மாலை ஐந்து மணி வாக்கில் சோதனைச் சாவடியைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் பறவைச் சத்தம் காதைத் துளைக்கும். அன்று எஞ்சின் சத்தம் மட்டும்தான். பாதை பிரிகிற இடங்களில் அவர் முந்திக்கொண்டு கையைக் காட்டினார். இடது. மறுபடி இடது. மரங்களுக்கு நடுவே ஒரு குளம் தெரிந்தது. இவ்வளவு உள்ளே விருந்தினர்களைக் கூட்டிவர அனுமதி கிடையாது.

"சார், இங்க நிக்கக்கூடாது. திரும்பிடலாம்."

"இங்கதாங்க" என்றார். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் அவர் வெளியே நின்றிருந்தார்.

"இறங்காதீங்க சார்! இறங்கவே கூடாது!"

அவர் குளத்தைப் பார்த்து நடந்தார்.

கரையில் பத்துப் பன்னிரண்டு மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ஒரு சருகு உடைந்தாலே பறந்துவிடுகிற ஜாதி. அவர் அவற்றின் நடுவே புகுந்து போனார். ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. ஒரு குட்டி, அவர் நின்ற இடத்திலேயே வாயை வைத்துக் குடித்தது.

அவள் ஜீப் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள்.

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் நிமிர்ந்தன. மறுகணம் கரையில் ஒரு மானும் இல்லை.

அவரும் இல்லை.

"சார்..."

குளத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள்.

"சார்!"

இருட்டிக்கொண்டு வந்தது. ஹாரன் அடித்தாள். எதிரொலி மட்டும் திரும்பி வந்தது. நம்பி வந்த ஆளைக் காட்டில் விட்டுவிட்டுப் போவதா? போனை எடுத்தாள். நல்லவேளை, சிக்னல் இருந்தது. மணி அடித்து முடிப்பதற்குள் அண்ணன் எடுத்துவிட்டான்.

"அண்ணா, அவர் இறங்கிப் போயிட்டார். காணோம்."

எங்கே என்று அவன் கேட்கவில்லை. ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை.

"வண்டியை எடு."

"அவரை விட்டுட்டா?"

"எடுன்னு சொல்றேன்ல! அவர் வர மாட்டார்." மூச்சு வாங்கியது அவனுக்கு. "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

அவள் வாயைத் திறந்தாள்.

பின் சீட்டிலிருந்து ஒரு குரல்... காதுக்கு வெகு பக்கத்தில்...

"அண்ணனுங்களா?"

போன் கையிலிருந்து நழுவியது.

"வரச் சொல்லுங்க."

எஞ்சினை எப்படிக் கிளப்பினாள், எப்படித் திருப்பினாள் என்று அவளுக்கு இன்றுவரை நினைவில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியைக் கையால் தட்டி மேலே திருப்பிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் யாரோ மெல்ல முனகினார்கள். வலியில் முனகுவதைப் போல.

சாவடி வந்தது. காவலர் டார்ச் அடித்தார். முதலில் அவள் முகத்தில். பிறகு பின் சீட்டில்.

"சார் தூங்கிட்டாரா? பாவம், ரொம்பக் களைச்சுட்டார்போல."

தடுப்புக் கட்டை மேலே போனது.

அவள் திரும்பவில்லை.

வீடு வந்து சேரும்வரை திரும்பவில்லை. ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். விளக்கு எரிந்தது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. திறக்கும் சத்தம் அல்ல. போடும் சத்தம்.

"அண்ணா, நான்தான்!"

கதவுக்கு அந்தப் பக்கம், வெகு பக்கத்திலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"அவரும் வந்திருக்காரா?"

அந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பயம் எங்கேயோ போய்விட்டது.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

கதவு திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேதான் சொன்னான். போன மழைக்காலத்துக்கு முன்பு அந்தக் கண்ணாடிக்காரர் தனியாக வந்தாராம். பக்கத்தில் நின்று பார்க்க ஆசைப்பட்டாராம். விதியை மீறிக் குளத்தடியில் இறக்கினானாம். யானை வந்துவிட்டதாம்.

"தூக்கி அடிச்சுடுச்சு. அங்கேயே முடிஞ்சுடுச்சு. கண்ணால பார்த்தேன். நான் என்ன செய்ய முடியும்? வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். சாவடியில யாரும் உள்ள எட்டிப் பார்க்கல."

ஹோட்டலைக் காலி செய்து பெட்டியோடு வந்தவர். அடுத்த ஊருக்கு ரயில் ஏறுவதாகச் சொல்லியிருந்தார். பெட்டியை ஆற்றில் போட்டுவிட்டான். தேடி வர அவருக்கு யாரும் இல்லை.

"அப்புறம் போன் வர ஆரம்பிச்சுது. அதே குரல். நீங்கதான் வரணும்னு. எத்தனை தடவை வைக்கிறது? தூங்கவே முடியல. கடைசியில சரின்னுட்டேன். ஆனா என்னால... போக முடியல."

"அதனால என்னை அனுப்பின. தெரிஞ்சே அனுப்பின."

"உன்னை ஒண்ணும் பண்ண மாட்டார்னு நினைச்சேன்."

"நினைச்சியா?"

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவனுக்கு ஆடவில்லை. அவளுக்குக் காய்ச்சல் அடித்த ராத்திரிகளில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவன், ஒரு கதவைத் திறக்க மாட்டேன் என்று நின்றான்.

ஜீப் சாவியைப் படியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். அந்த வண்டியில் ஏற மனம் வரவில்லை. நடந்தே காவல் நிலையத்துக்குப் போனாள்.

மறுநாள் குளத்தின் அக்கரையில், ஒரு மரத்தடியில் அவரைக் கண்டெடுத்தார்கள். எலும்புதான் மிச்சம். கண்ணாடி உடையாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு போன், மழையில் ஊறி மண்ணோடு மண்ணாக இறுகிப்போய்க் கிடந்தது. மாதக்கணக்கில் உயிரில்லாத அந்த எண்ணிலிருந்துதான் அண்ணனுக்கு அத்தனை அழைப்பும் வந்திருக்கிறது. எப்படி என்று காவல்துறையால் சொல்ல முடியவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது பிறகு வந்தது.

யானை அவரைக் கொல்லவில்லை என்றார் மருத்துவர். ஒரு கால் மட்டும் முறிந்திருந்தது. தண்ணீர் பக்கத்தில் இருந்ததால் நாலைந்து நாள் உயிரோடு இருந்திருக்க வேண்டும். போன் நிறுவனத்தின் பதிவுப்படி, அந்த நாட்களில் அவர் அண்ணனின் போனுக்குத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார். ஒரே ஒரு அழைப்பை மட்டும் அண்ணன் எடுத்திருக்கிறான். பேசியும் இருக்கிறான்.

சிறையில் போய் அவனைப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் தலை குனிந்து நின்றான்.

"என்ன சொன்ன அவர்கிட்ட?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என்னால வர முடியாது, ஆள் அனுப்பறேன்னு சொன்னேன்."