சார்ஜரோடு சேர்த்து எடை

திங்கட்கிழமை காலை, அடையாறு ஆபீசில் என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் கெர்னல் கம்பைல் ஓடிக்கொண்டிருந்தபோது ஜெயந்தியின் தம்பி ஃபோன் செய்தான். “அக்கா போயிட்டா” என்றான். “சரி” என்றேன். ஃபோனை வைத்துவிட்டுத் திரையில் வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழையில்லாமல் முடிந்தது. பிறகு மயிலாப்பூருக்கு பஸ் ஏறினேன்.

கோபாலபுரம் பள்ளிக்கூட வகுப்பறையில் ஞாயிறுதோறும் லினக்ஸ் பழகக் கூடும் நமக்கெல்லாம் அவரைத் தெரியும். முதல் பெஞ்சின் ஓரம், சுவரில் சாய்த்த ஊன்றுகோல், மேஜையில் அந்தக் குட்டி லேப்டாப். சின்ன வயதில் போலியோ. இதை யாராவது தன்னம்பிக்கைக் கதையாக எழுதிவிடுவார்கள் என்றுதான் நான் முந்திக்கொள்கிறேன். அப்படிப் பேசுகிறவர்களுக்கு எதிரிலேயே ஜெயந்தி கொட்டாவி விடுவார்.

என் ஆபீசில் அவர் எனக்கு சீனியர். கடைகளுக்கு பில் போடும் சர்வர்களைப் பராமரிப்பது எங்கள் வேலை. சர்வர் படுத்தால் யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கு, எங்கள் பேச்சில் சைட்டுக்கு, போக வேண்டும். ஆபீஸ் லேப்டாப் ஒரு அம்மிக்கல். “ஜெயந்தி ஃபோன் பார்த்துக்கட்டும், சைட்டுக்கு வேற ஆள் போகட்டும்” என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டார். சைட்டுக்குப் போகாதவருக்கு அங்கே மேலே போக வழி கிடையாது. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கோன்னு சொல்றதுக்கா நான் இத்தனை படிச்சேன்?” என்று என்னிடம் கேட்டார். மேனேஜரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சொந்தமாக லேப்டாப் வாங்கக் கிளம்பினார்.

பழைய லேப்டாப் விற்கும் ஒருவரிடம் நானும் கூடப் போனேன். பெரிய திரை, உள்ளேயே சிடி டிரைவ் வைத்த ஒன்றைக் காட்டி, இதை வாங்குங்கள் என்று அடித்துச் சொன்னேன். “அது உனக்குடா, சேகர். உனக்கு ரெண்டு தோளும் காலி” என்றார். அவர் கை வைத்தது மூலையில் இருந்த ஒரு சின்ன மெஷினில். ஃபிளாப்பி டிரைவ்கூடத் தனியாக வயரில் தொங்கியது. “ரெண்டு கிலோகூட இல்ல மேடம், பஞ்சு!” என்றார் விற்பவர். ஜெயந்தி நம்பவில்லை. லேப்டாப், சார்ஜர், ஃபிளாப்பி டிரைவ், கேபிள் எல்லாவற்றையும் பக்கத்துப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைக்கச் சொன்னார். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். “இன்னா மேடம், எடைக்குப் போட்றீங்களா? பிளாஸ்டிக் ரேட்டுதான் வரும்.” முள் மூன்றைத் தாண்டியது. “சார்ஜரை விட்டுட்டுச் சொன்னா அது எடை இல்லே, விளம்பரம்” என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு, அதையே வாங்கினார். நம் கூட்டத்தில் லேப்டாப் வாங்குகிறவர்கள் இதை இன்றும் சொல்கிறார்கள்.

அதில் விண்டோஸ் நொண்டியது. “என்னோட சேர்ந்து இதுவும் நொண்டணுமா?” என்று லினக்ஸ் போட்டார். ஒவ்வொரு ஃபிளாப்பியாக மாற்றி மாற்றி ஒரு முழு ஞாயிறு. பாதியில் ஒரு ஃபிளாப்பி கெட்டு, முதலிலிருந்து மறுபடியும். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே செய்தார். போட்டு முடித்தபின் ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. மூடியைச் சாத்தினால் மெஷின் தூங்கிவிடும், எழுப்பினால் எழுந்திருக்காது. மூடி முழுதாகப் பொருந்தாமலிருக்க, மடித்த பஸ் டிக்கெட்டை இடுக்கில் செருகி வைத்தார். “நானே இதைச் சரி பண்ணித் தரேன்” என்றேன். “வேலை செய்யறதைச் சரி பண்ணாதே” என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த டிக்கெட் ஒருநாளும் ஏமாற்றவில்லை.

முதல் சைட் தி. நகர் ஜவுளிக்கடை. சர்வர் மாடியில், படி முழுக்கச் சேலைக் கட்டு. கடைக்கார அண்ணாச்சி பதறினார். “ஏம்மா, நீ எதுக்கு ஏறுத? அந்தப் பொட்டியத் தம்பிகிட்டக் குடுத்துவிடு.”

“பெட்டி கனமில்லே அண்ணாச்சி. உங்க படிதான் கனமா இருக்கு. கொஞ்சம் காலி பண்ணுங்கோ.”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். இரண்டு ஆட்கள் கட்டுகளை நகர்த்தினார்கள். ஜெயந்தி ஏறினார், சர்வரில் கேபிளைச் செருகினார், கறுப்புத் திரையில் கொஞ்ச நேரம் தட்டினார். கீழே பில் ஓட ஆரம்பித்தது. அதற்கடுத்த வாரமே மேனேஜர் சைட் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தார்.

இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு மஞ்சள் காமாலை முற்றி மருத்துவமனைக்குக் கிளம்பினார். நான் வீட்டுக்குப் போனபோது வாசலில் ஆட்டோ நின்றது. எந்த பஸ்ஸிலும், எந்தப் படியிலும் அந்த லேப்டாப் பையை அவர் என்னிடம் தந்ததில்லை. அன்று அவராகவே நீட்டினார். “இந்தா, பிடி. நான் கேக்கறவரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும். அலமாரில பூட்டி வெக்காதே, சைட்டுக்கு எடுத்துண்டு போ.” வாங்கிக்கொண்டேன். அடுத்த முறை பார்த்தபோது அவர் பேசும் நிலையில் இல்லை. ஈரல் கைவிட்டுவிட்டது என்றார்கள்.

காரியங்கள் முடிந்தபின் பையை அவர் அம்மாவிடம் கொண்டுபோய், ஜெயந்தி சொல்லித் தந்ததைச் சொன்னேன். வாங்கிக்கொள்ளவில்லை.

“அவ திருப்பிக் கேட்டாளோ?”

“இல்ல மாமி.”

“அப்போ உன்கிட்டயே இருக்கட்டும்.”

அதனால் என்னிடம் இருக்கிறது. அவருடைய லாகின் அப்படியே இருக்கட்டும் என்று எனக்குத் தனியாக ஒன்று போட்டுக்கொண்டேன். நாளை பாண்டி பஜாரில் ஒரு கடை, இதைத்தான் எடுத்துப்போகிறேன். டிஸ்கில் இடம் குறைவு. அவருடைய ஃபைல்களைத் தொடாமல் மீதியில் நான் வேலை செய்துகொள்வேன்.