குருவித் தட்டுக்குப் போட்ட தகரம்

தொண்ணூற்றொன்று கோடையில் என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அந்த வருஷம் எங்கள் வட்டாரத்தின் பெயரை ரேடியோ ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் எங்கே இருக்கிறது என்று ஊர் உலகத்துக்கே தெரிந்துபோனது. வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் மட்டும் இவரை எங்கே படுக்கவைப்பது என்றுதான் பேச்சு.

வீடு ஒரே அறை. அதனால் பின்பக்கம் கிணற்றடியை ஒட்டித் தென்னங்கீற்றில் ஒரு சார்ப்பு இறக்கி, அதன் கீழ் கயிற்றுக் கட்டிலைப் போட்டோம். சாரல் அடிக்கக் கூடாதென்று என் வீட்டுக்காரர் சார்ப்பை ரொம்பத் தாழ்வாக இறக்கிவிட்டார். குள்ளச்சியான நானே குனிந்துதான் உள்ளே போகவேண்டும்.

எனக்கும் மாமனாருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. நான் வைத்த குழம்பில் உப்பு சரியாக இருந்ததாக அவர் சொன்னதே கிடையாது. வாய் நன்றாக இருந்தவரை வாயால் வைதார், வாய் போனபிறகு கண்ணால் வைதார். அவருக்குப் பீ மூத்திரம் அள்ளினேன். பாசத்தால் அள்ளினேன் என்று பொய் சொல்லமாட்டேன், வேறு ஆளில்லை. சர்க்கரை வேறு. இரண்டு பாதமும் மரத்துப்போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. நன்றாக நடமாடிய காலத்திலேயே காலில் முள்ளோடு வயலிலிருந்து வருவார், ரத்தத்தைப் பார்த்து நான் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கீழே விழுந்த நொய்க்குக் குருவிகள் வந்தன. மாமனார் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அழுகிறாரோ என்று கிட்டே போய்ப் பார்த்தால், சிரிக்கிறார்! கதிர் முற்றும் காலத்தில் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டித் தட்டிக் குருவி விரட்டிய மனுஷன், ஒரு குருவி நெல்லைத் தொட்டால் அதன் பரம்பரையையே திட்டியவர், குருவியைப் பார்த்துச் சிரிக்கிறார்.

மறுநாள் கட்டிலின் கால்மாட்டுக்கு எதிரே ரெண்டு செங்கல்லை வைத்து, அதன்மேல் நசுங்கின அலுமினியத் தட்டில் ஒரு பிடி நொய் போட்டேன். தயவு ஒன்றுமில்லை, எனக்கு அதில் லாபம் இருந்தது. குருவியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஊட்டுகிற சோற்றைத் துப்பமாட்டார். அணிலும் மைனாவும்கூட வர ஆரம்பித்தன. அவருக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அந்தத் தட்டுதான் என்பது எனக்கே தெரிந்தது.

ஆடி பிறந்ததும் எலி வந்தது. முதலில் சின்னது, பிறகு கிணற்றடியில் வங்கு பறித்துக்கொண்டு பெருச்சாளி. விளக்கு வைப்பதற்குள் சிந்தினதை எல்லாம் பெருக்கிப் பார்த்தேன். தட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால், கயிறு வழியாகவே இறங்கியது. பொறியில் கருவாடு வைத்தேன். ரெண்டு மாட்டியது, மற்றதெல்லாம் புத்தி கற்றுக்கொண்டு பொறிப் பக்கமே வரவில்லை. மருந்து வைக்க எனக்கு மனசில்லை. அதைக் குருவி தின்னும், என் கோழி தின்னும்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பாள். "குருவிக்கு விருந்து வெச்சிகினு, எலி வருது எலி வருதுன்னா இன்னாடி நியாயம்? எலிக்கு மட்டும் வவுறு இல்லியா?"

என் வீட்டுக்காரர் அப்போது ஒரகடம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுயரக் குழாய் ஒன்றும் வெட்டிப்போட்ட தகரமும் கொண்டுவந்தார்.

"தென்ன மரத்துல எலி ஏறாம தகரம் சுத்தி வெக்கிறாங்க இல்ல, அதே கணக்குதான்" என்றார்.

"தட்டு எங்க வரும்?"

"உச்சியில. ஒசரமா இருந்தாதானே எலி தாவாது."

சார்ப்புக்கு வெளியே குழாயை நட்டு, நடுவில் தகரத்தைக் கூம்பாக வளைத்து மாட்டி, தட்டை உச்சியில் கம்பியால் இறுகக் கட்டினார். அன்று சாயங்காலமே ஒரு எலி ஏறியது. தகரத்துக்கு அடியில் முட்டிக்கொண்டு சறுக்கி விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. நானும் அவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கல்யாணமாகி நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது குறைவு. பக்கத்து வீட்டு வேலிக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குப் பொறுக்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரத்திலிருந்து மாமனார் முரண்டு பிடிக்க ஆரம்பித்தார். ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டார். சரி, தானாகச் சாப்பிடட்டும் என்று வலது கைக்கு எட்டும்படி சோற்றுத் தட்டை வைத்தேன். சோற்றை அள்ளி வாயில் போடாமல் கால்மாட்டில் வீசினார். போர்வையெல்லாம் பருக்கை. உதறி, துவைத்து, காயப்போட்டு விரித்தால் மறுநாளும் அதே கதை.

"வேணும்னே கொட்றீங்களா மாமா? நான் இன்னா உங்களுக்கு வேலக்காரியா?" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கிழவருக்குக் கொழுப்பு, படுத்த படுக்கையிலும் என்னைப் பழிவாங்குகிறார் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

ஐப்பசியில் அடைமழை. வயலெல்லாம் தண்ணீர் ஏறி, வரப்பு வங்குகளில் இருந்த எலியெல்லாம் ஊருக்குள் வந்துவிட்டது. குழாயில் ஏற முடியாதென்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. தட்டுக்கு அடியில் ஒரு எலிப் புழுக்கையைக்கூடக் காணோம். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் துடைத்துவிடலாம் என்று வெந்நீரோடு போனேன். கட்டில் காலில் எறும்பு சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. போர்வையை விலக்கினேன். இடது காலில் கட்டைவிரல் பாதிதான் இருந்தது. பக்கத்து விரலில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ராத்திரி முழுக்க எலி தின்றிருக்கிறது. அவருக்கு வலிக்கவே இல்லை. விழித்துக்கொண்டு, எதற்கு இந்தக் கூச்சல் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் சொம்பைப் போட்டுவிட்டு வீட்டுக்காரர் பேரைச் சொல்லியே கத்தினேன். அதுவரை அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை.

வாடகை வேன் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலில் கறுப்பு ஏறிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாகவேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். "படுக்கையில சாப்பாடு சிந்தியிருந்துதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். சோற்றை அவரே இறைத்தார், என் பேச்சைக் கேட்கவில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். மாமனார் திரும்பி வருவதற்குள் கட்டிலைக் கழுவிப்போடலாம் என்று பின்பக்கம் போனேன். ஆஸ்பத்திரித் தரையில் கிடந்ததில் முதுகு விட்டுப்போயிருந்தது. கொஞ்சம் சாயலாம் என்று அவர் கட்டிலிலேயே படுத்தேன்.

வெளியே குருவிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். குருவியைக் காணோம். சார்ப்புக் கீற்றின் ஓரம் தெரிந்தது, அதற்குக் கீழே குழாய் தெரிந்தது, குழாயில் பளபளவென்று தகரம் தெரிந்தது. தட்டு தெரியவில்லை. தலையை எப்படித் திருப்பினாலும் தெரியவில்லை. செங்கல்மேல் இருந்தவரை கண்ணுக்கு நேரே இருந்த தட்டு அது.

எழுந்து கால்மாட்டைப் பார்த்தேன். கயிற்று முடிச்சுகளுக்குள் பருக்கைகள் காய்ந்து ஒட்டியிருந்தன. தலைமாட்டில் இல்லை, நடுவில் இல்லை, முன்னே செங்கல் இருந்த பக்கம் மட்டும். கை எட்டிய மட்டும் வீசியிருக்கிறார். என்னைப் பழிவாங்க இல்லை. குருவி வரட்டும் என்று தன் சோற்றைப் போட்டிருக்கிறார். இதைச் சொல்ல அவருக்கு வாயில்லை, கேட்க எனக்குப் பொறுமையில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வேலிக்காரி ஓடிவந்து, "இன்னாடி, பூட்டாரா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

சாயங்காலம் நர்சிடம் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் ஒரு எட்டு வந்ததும் அவரையும் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்கச் சொன்னேன். படுத்தார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு பட்டறை ரம்பத்தை எடுத்துக் குழாயைக் கட்டில் உயரத்துக்கு அறுத்து, தட்டை அதன்மேல் கழற்றி மாட்டும்படி வைத்தார். தகரத்தைக் கழற்றித் தூர எறிந்தார்.

"எலி வருமே" என்றார்.

"நான் ஒக்காந்து வெரட்றேன். இருட்றதுக்குள்ள தட்டக் கழட்டி உள்ள கொண்டாந்துடறேன்" என்றேன். அப்படித்தான் செய்தேன். அவர் வரும்போது குருவிகளுக்குப் புது இடம் பழகியிருக்க வேண்டும் என்று காலையில் நொய் போட்டுவிட்டு, கையில் குச்சியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாளே ரெண்டு குருவி இறங்கியது.

புண்ணில் சீழ் வைத்து ரத்தத்தில் கலந்துவிட்டது. அவரைப் பிணமாகத்தான் வேனில் கொண்டுவந்தார்கள். வாசலில் தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் எடுக்க உள்ளே போனவள் அப்படியே பின்பக்கம் போனேன். தாழ்ந்த தட்டு முழுக்கக் குருவி. கட்டிலில் படுத்துப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத் தெரிந்தது.